எல்க் வேட்டையோடு கரடி டேக்கும் வாங்கலாமா?

கேள்வி: செப்டம்பரில் கொலராடோ மலையில் எல்க் மான் வேட்டைக்கு வில்லோடு போகிறேன். கூடவே கரடி டேக்கும் (கரடியை வேட்டையாடத் தரும் உரிமச் சீட்டு) வாங்கலாமா? - வாசகர், டென்வர்

பதில்: கரடிக்கறி சாப்பிடுவீர்கள் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பது கருங்கரடிதான். இரை வைத்தோ நாய் விட்டோ வேட்டையாடுவதை 1992-லேயே மக்கள் வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள், அதனால் ஓக் புதரில் கொட்டை தின்ன வரும் கரடி, எல்க் தேடும் வழியில் எதிர்ப்பட்டால்தான் உண்டு.

வீழ்த்திய பிறகுதான் வேலையே. கொழுப்பு தடிமனாக இருக்கும், செப்டம்பர் வெயிலில் உடனே தோலுரித்துக் கறியை ஆறவிடாவிட்டால் கெட்டுவிடும். அப்புறம் 5 வேலை நாட்களுக்குள் தலையையும் தோலையும் வனவிலங்குத் துறையிடம் காட்ட வேண்டும், உறையவைக்காமல் கொண்டுபோங்கள், வயதறிய ஒரு பல் எடுப்பார்கள். கறியில் டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். உறையவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேகட்டும்.

குட்டியோடு இருக்கும் தாயைக் கொல்லக் கூடாது, சட்டமே அதுதான். தனியாக நிற்கிறதே என்று சட்டென அம்பு விடாதீர்கள், கொஞ்ச நேரம் பாருங்கள், குட்டி பின்னால் புதரில் இருக்கலாம்.