அம்மா சாமியார் கையால்தான் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குவேன் என்கிறார். கோவிலிலிருந்து சாதாரண ஆள் கொண்டு வந்து கொடுப்பது முறையா?

உங்கள் அம்மா வாயை மூடிக்கொண்டபோது, நன்மை கொண்டு வந்தவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரம்பூர் பக்கம் ஏழு வருடமாக நானும் நோயாளிகள் வீட்டுக்கு நன்மை கொண்டு போகிற வேலைதான் செய்கிறேன்.

முறைதான். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொடுத்த அனுமதி. நோயில்பூசுதலுக்கும் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) பாவசங்கீர்த்தனத்துக்கும் (பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) மட்டும் குருவானவரே வர வேண்டும். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை, ரிட்டயர்டு கிளார்க். இதெல்லாம் 1960களில் ஆயர்கள் கூடி வழிபாட்டு முறைகளை மாற்றிய வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் வந்த கேடு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

என் லிஸ்டில் ஒரு பாட்டி இருந்தார். தரைத்தள வீடு, ஜன்னலோரக் கட்டில். முதல் நாள் மெழுகுவர்த்தி ஏற்றி, வெள்ளைத் துணி விரித்து, கழுத்தில் தொங்கும் பையிலிருந்து நற்கருணைச் சிமிழை எடுத்தேன். பாட்டி என் கையையே பார்த்தார்.

"காலையில சங்கரா மீனோட செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்த கைதானே? குருப்பட்டத்துல எண்ணெய் பூசின கையால வாங்கினவ நான்."

தெருவில் மீன்காரம்மாவிடம் நான் பேரம் பேசியதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். சோப்புப் போட்டுத்தான் வந்தேன், ஆனாலும் கூசிப்போச்சு. மகள் அம்மாவை அதட்டினார். நான் வேண்டாம் என்றேன். ஜெபமாலையில் பத்து மணிகளை மட்டும் சொல்லிவிட்டு, வழியில் எங்கும் நிற்காமல் கோவிலுக்குத் திரும்பி வந்து நற்கருணையை அதற்கான பேழையில் வைத்தேன்.

மாத முதல் வெள்ளிக்கு ஃபாதரைக் கூட்டிப் போனேன். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்களே கொடுங்க" என்றார். பாட்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நீங்களும் உங்கள் பங்குச் சாமியாரை ஒரு தடவை கூட வரச் சொல்லுங்கள். அம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள்.

இன்னொன்று, நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்குக் கட்டாயமில்லை. பார்த்துக்கொள்கிற உங்களுக்கும்தான். மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

எங்களைத் தடுப்பது பாட்டிகள் இல்லை, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கள். நோட்டில் 'டெலிவரி' என்று எழுதச் சொல்கிறார்கள். லிஃப்ட் குடியிருப்போருக்கு மட்டுமாம். என் முட்டி தேய்ந்ததற்கு எந்த அசோசியேஷன் பதில் சொல்லும்? ஒரு ஆஸ்பத்திரியில் சிமிழைத் திறந்து காட்டு, வெளிச் சாப்பாடு கூடாது என்றார்கள். சரி, அதை விடுங்கள்.

கடைசி மாதங்களில் பாட்டிக்கு விழுங்க முடியவில்லை. கடுகளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் கொடுப்பேன். ஞாயிறு பத்தரை தாண்டினால் மகளிடம் கேட்பாராம்: "மீன்காரர் இன்னும் வரலையா?"