குந்துகாலில் ஒரு தூண்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குத் தொண்டிப் பக்கம். சரக்குக் கப்பலில் வேலை. போன ஜூலையில் கப்பல் போலந்தின் க்டான்ஸ்க் துறைமுகத்தில் நின்றபோது, கூட வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவர் என்னைக் கிரன்வால்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1410ல் போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து ஜெர்மானிய மாவீரர் படையை வென்ற போரை இன்றைக்கும் கவசம் மாட்டிக்கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள், பிள்ளைகள் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எனக்கு நம் கரை ஞாபகம் வந்துவிட்டது. 800 வருடத்துக்கு முன்னால் சிங்களப் படை பாம்பனில் கோட்டை கட்டி மதுரை வரை போனதையும், நம் பாண்டியன் அதை விரட்டியதையும் ஊரில் யாருக்குத் தெரியும்? தஞ்சாவூரில் ராஜராஜனுக்குச் சதயவிழா. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமரே வந்துவிட்டுப் போனார். நமக்குப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் ஒரு வெற்றித்தூண் கூடாதா? நீங்கள் எழுதினால் நாலு பேர் யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
தொண்டி வாசகன்

அன்புள்ள தம்பி,

கிரன்வால்டை நான் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. நீங்கள் மைதானத்திலேயே நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் பொறாமைதான்.

முதலில் ஒரு திருத்தம். நம் பாண்டியன் விரட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படையைக் கூப்பிட்டதே ஒரு பாண்டியன்தான். 1170ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரையில் இருந்தவன் பராக்கிரம பாண்டியன், அவனை முற்றுகை போட்டவன் குலசேகர பாண்டியன், பங்காளிச் சண்டை. உள்ளே மாட்டிக்கொண்டவன் கடல் தாண்டி இலங்கையின் பொலன்னறுவைக்கு ஆள் அனுப்பி, அங்கே ஆண்ட சிங்கள ராஜா பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை கிளம்புவதற்குள் மதுரை விழுந்து அவன் கொல்லப்பட்டுவிட்டான். ஆனாலும் அந்த ராஜாவின் தளபதி இலங்காபுரி தண்டநாயகன் படையோடு வந்து இறங்கினான், ராமேசுவரத்தைப் பிடித்தான், குந்துகாலில் தன் ராஜாவின் பெயரில் பராக்கிரமபுரம் என்று கோட்டை எழுப்பினான், இந்தக் கரையில் ஊர் ஊராகச் சண்டை போட்டான். உங்கள் தொண்டிகூட அந்தக் கணக்கில் வருகிறது. மதுரையில் செத்தவனின் மகன் வீரபாண்டியனை உட்கார வைத்தான்.

குலசேகரன் சோழனிடம் ஓடினான். சோழநாடு எவ்வளவு பயந்துபோயிருந்தது என்பதற்குக் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டைப் படிக்க வேண்டும். எதிரிலிசோழ சம்புவராயன் என்ற சிற்றரசன் உமாபதி தேவர் என்ற சிவாச்சாரியாரிடம் போய் முறையிடுகிறான், ராமேசுவரம் கோயிலில் பூசையைத் தடுத்தவர்கள் இவர்கள் என்று சொல்லி அவர் 28 நாள் பூசை செய்கிறார், படை தோற்றதாகச் செய்தி வந்ததும் சம்புவராயன் அந்த ஊரையே அவருக்கு எழுதிவைத்துவிடுகிறான். படையை விரட்டியது ராஜாதிராஜ சோழனின் தளபதி பல்லவராயன். பிடிபட்ட இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டைவாசலில் ஆணி அடித்து மாட்டியதாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. நீங்கள் கேட்கும் நினைவுச்சின்னம் அப்போதே வைத்தாகிவிட்டது, தம்பி.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சோழன் தயவில் மதுரையில் உட்கார்ந்த குலசேகரன், கொஞ்ச நாளில் பராக்கிரமபாகுவோடு சேர்ந்துகொண்டு வாசலில் மாட்டியிருந்த தலைகளைக் கழற்றச் சொன்னான். சோழனுக்குக் கோபம். மறுபடி படை வந்து அவனைத் துரத்திவிட்டு யாரை உட்கார வைத்தது தெரியுமா, அதே வீரபாண்டியனை, முன்பு இலங்கைக்காரன் முடிசூட்டியவனை! குந்துகால் தூணில் யார் பெயரை வெட்டுவது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இதை அந்தப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தில் இந்தப் போர் முழு வெற்றி. பாண்டிநாட்டில் பிடித்த தமிழர்களைக் கொண்டுபோய், முன்பு தமிழர்கள் இடித்த அனுராதபுரத்து ருவன்வெலி தாதுகோபத்தை, அதாவது பௌத்தத் தூபியைச் செப்பனிட வைத்தான் ராஜா என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது, மதுரை வாசலில் தொங்கிய தலைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு தலைகளை மாட்டியதைப் பெருமையாகச் சொல்கிறது. அவரவர் தோதான இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டார்கள். போர் முடிந்து 20 வருடம்கூட ஆகியிருக்காது, பொலன்னறுவையில் ஆண்ட நிசங்கமல்லன் ராமேசுவரத்தில் தன் பெயரில் கோயில் கட்டியதாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறான். பூசையைத் தடுத்த நாடு, கோயில் கட்டிய நாடு, இரண்டும் ஒன்றுதான். இன்றைக்கு இலங்கைக் கடற்படையில் பராக்கிரமபாகு என்றே ஒரு போர்க்கப்பல் ஓடுகிறது, 2019ல் சீனா கொடுத்தது. அவர்கள் அங்கே பெயர் வைக்க, நாம் இங்கே தூண் வைக்க, நடுவில் வலையோடு போகிறவன் பாம்பன்காரனும் தங்கச்சிமடத்துக்காரனும். இதை நினைக்காமல் என்னால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியவில்லை.

கிரன்வால்டுக்கு வருகிறேன். உங்கள் போலந்து நண்பர் சொன்னாரோ என்னவோ, அந்த ஒரே போருக்கு மூன்று பெயர். போலந்துக்குக் கிரன்வால்டு, லிதுவேனியாவுக்கு ஜல்கிரிஸ் (அங்கே பிரபலமான கூடைப்பந்து அணிக்கும் அதே பெயர்), ஜெர்மனிக்கு டானன்பர்க். 500வது வருடமான 1910ல் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை, மூன்று சாம்ராஜ்யங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் கிராக்கவ் நகரத்தில், 1410ல் ஜெயித்த போலந்து ராஜா யாகைலோவுக்குச் சிலை எழுந்தது, நாடு இல்லாதவர்களுக்கு அது தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். 1914ல் அல்லன்ஸ்டைன் பக்கம் ரஷ்யப் படையை முறியடித்த ஜெர்மானியர், பழைய தோல்விக்குப் பழி தீர்த்ததாகக் காட்ட, அந்தப் போருக்கு டானன்பர்க் என்று பெயர் வைத்தார்கள். 1927ல் அதற்கு எட்டுக் கோபுரத்தோடு கோட்டை மாதிரி ஒரு நினைவிடம். 1934ல் அந்தப் போரை நடத்திய தளபதி ஹிண்டன்பர்க்கை அதில் அடக்கம் செய்தார்கள். அடுத்த போரில் நாஜிகள் கிராக்கவ் சிலையை இடித்தார்கள். 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் ஜெர்மானியரே சவப்பெட்டியை எடுத்துக்கொண்டு, தாங்கள் கட்டியதைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிராக்கவ் சிலையைப் போலந்துக்காரர்கள் 1976ல் மறுபடி கட்டினார்கள். நீங்கள் பார்த்த கவசச் சண்டை இத்தனைக்கும் பிறகு 1998ல் தொடங்கியது. இவ்வளவும் நடந்து ஓய்ந்த பிறகுதான் பிள்ளைகள் தோளில் உட்கார்ந்து சிரிக்கிற திருவிழாவாக அது ஆகியிருக்கிறது.

எல்லா ஊரிலும் அப்படி ஆவதில்லை. 1389 கொசோவோ போரில் செர்பிய இளவரசன் லாசரும் செத்தான், துருக்கி சுல்தான் முராதும் செத்தான். 600வது ஆண்டுக்கு, 1989 ஜூன் 28ல், அந்த மைதானத்தில் பெருங்கூட்டம் கூட்டிச் செர்பியத் தலைவர் மிலோசெவிச் பேசினார், இரண்டு வருடத்தில் யுகோஸ்லாவியா பற்றி எரிந்தது. அந்த ஒரு பேச்சால் எரிந்தது என்று சொல்லவில்லை. எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

நம் கரையில் பழைய போருக்கு விழா இல்லை என்றீர்களே, ஏர்வாடி சந்தனக்கூடு என்ன? மதீனாவிலிருந்து வந்த சுல்தான் சையது இபுராகீம் பாண்டியனோடு போரிட்டு, வென்று, சிலகாலம் ஆண்டு, கடைசியில் களத்திலேயே ஷஹீதானார் என்றுதான் அந்த ஊர் வழக்கு சொல்கிறது. அதுவும் இதே 12ஆம் நூற்றாண்டுக் கதை. கூடு வரும் ராத்திரி பாண்டியன் பக்கத்து ஆட்களின் வாரிசுகளும்தானே மல்லிகைப்பூவும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்? சேதுபதிகள் தர்காவுக்கு நிலம் விட்டிருக்கிறார்கள். என் அம்மா எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நேர்ந்துகொண்டு, இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றவள். போரில் ஜெயித்தது யார் என்று அவளிடம் கேட்டிருந்தால், போடா வேலையைப் பார்த்துக்கிட்டு என்றிருப்பாள். விழுந்தவருக்குச் சந்தனம் பூசுகிறார்கள், அவ்வளவுதான். யோசித்தால் நடுகல்லும் இதே மாதிரிதான், ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குத்தான் கல், ஜெயித்துத் திரும்பியவனுக்கு இல்லை. ஜெயஸ்தம்பம் ராஜாக்களின் ஆசை.

அதனால் தூணுக்கு வசூல் ஆரம்பித்தால் என்னிடம் வராதீர்கள். பலகை வைப்பதானால் வருகிறேன். குந்துகாலில் விவேகானந்தர் 1897ல் வந்திறங்கியதற்கு மண்டபம் இருக்கிறதே, அந்தப் பக்கமாக ஒரு சின்னக் கல்பலகை. சூளவம்சம் சொல்வது ஒரு பத்தி, பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்வது ஒரு பத்தி, மாட்டிய தலைகளைக் குலசேகரன் கழற்றியது ஒரு வரி. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். அனுமதி வாங்க எத்தனை ஆபீஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பது வேறு கதை.

அடுத்த லீவு எப்போது? சந்தனக்கூடு வரும் துல்கஃதா மாதமாகப் பார்த்து வாருங்கள். பகலில் குந்துகால் போய்விட்டு ராத்திரி ஏர்வாடிக்குப் போய்விடலாம். பஸ் கூட்டமாக இருக்கும், என்னிடம் பைக் இருக்கிறது.