ஓசூர் சிப்காட் தொழிற்சங்கத்துக்கு வெளிநாட்டு அரசின் நிதி கிடைக்குமா?

அரசு நேரடியாகச் சங்கத்தின் கையில் பணம் கொடுப்பது அபூர்வம். இடையில் ஒரு அமைப்பு இருக்கும். அமெரிக்காவில் ஏ.எஃப்.எல்–சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் சாலிடாரிட்டி சென்டர் பெருமளவு அரசு நிதியில் இயங்கியது. 2025-இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை வெளிநாட்டு மானியங்களை ரத்து செய்ததும் பல திட்டங்கள் நின்றுபோயின. ஒரே அரசை நம்பியிருந்தால் வரும் ஆபத்து இதுதான். ஜெர்மனியிலும் இதுபோல அரசு நிதி பெறும் ஃப்ரீட்ரிக் எபர்ட் அறக்கட்டளை இருக்கிறது. இத்தகைய அமைப்புகள் செலவு செய்வது பெரும்பாலும் பயிற்சி, ஆய்வு, சட்ட உதவிக்குத்தான்.

ஓசூர் சங்கம் முதலில் தன் விதிமுறைப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அரசியல் இலக்கை வளர்ப்பது நோக்கங்களில் இருந்தால், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி மத்திய அரசு அதை அரசியல் தன்மையுள்ள அமைப்பாக அறிவிக்கலாம். பிறகு வெளிநாட்டுப் பணமே வாங்க முடியாது. அந்தச் சிக்கல் இல்லையென்றாலும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். பணம் முதலில் வந்து சேர வேண்டியது ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வாங்கி, சங்கத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். 2020 திருத்தம் அதைத் தடை செய்துவிட்டது. செயலாளரின் சொந்தக் கணக்கில் வாங்குவது இன்னும் மோசம், தயவுசெய்து வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்தத் தொண்டு நிறுவனமே பயிற்சி முகாமை நடத்தி, மண்டப வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் தானே கட்டட்டும். சங்கம் ஆட்களை மட்டும் அனுப்பட்டும்.