கேள்வி–பதில்: வேறு கப்பலில் ஏறியவர்களின் தீவுகள்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குவதால், இந்தியப் பெருங்கடலிலுள்ள நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் குடும்பத்தோடு செல்வது பற்றிய கடிதங்கள் இம்மாதம் நிறைய வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைத் தொடுபவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவரும் நானும், பதினான்கும் ஒன்பதும் வயதான இரு பிள்ளைகளும், எழுபது வயது மாமியாரும் டிசம்பர் விடுமுறையில் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக்குக்குப் போக எண்ணியிருக்கிறோம். “கடலும் எரிமலையும் நம் ரீயூனியனிலேயே இருக்க, அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று மாமியார் கேட்கிறார். அங்குள்ள மக்களின் வழக்கங்களைப் பிள்ளைகள் காண வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பயணத்தை எப்படித் திட்டமிடுவது?
— ஒரு வாசகி, சேன்-ஆந்த்ரே

உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடலையும் மலையையும் காண்பதற்காக மட்டும், பாரிஸ் வழியாக இரண்டு நெடிய விமானப் பயணங்களைத் தாங்கி, நம்மைவிட எட்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்துக்கு உடலைப் பழக்கிக்கொள்ளத் தேவையில்லை. நம் ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி காட்டும் நெருப்பாற்றை, 1,467 மீட்டர் உயரமுள்ள குவாதலூப்பின் சூஃப்ரியேர் மலை உங்களுக்குக் காட்டப் போவதுமில்லை. அங்கே காண வேண்டியவர்கள் மனிதர்கள். நம்மைப் போலவே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்து, 1946-ஆம் ஆண்டின் அதே சட்டத்தால் பிரான்சின் மாவட்டங்களாக்கப்பட்டு, அதே பள்ளிப் பாடங்களைப் படித்து, அதே யூரோவைச் செலவழித்து, ஆயினும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியில் வேறொரு வகையைப் பேசி, வேறொரு தாளத்துக்கு ஆடும் மக்கள் அவர்கள்.

காலத்தை நீங்கள் நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள். நமக்குப் புயற்காலம் பிறக்கும் வேளையில் அவர்களுக்கு அது முடிந்துவிடுகிறது. அட்லாண்டிக் புயற்பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிக்கும். டிசம்பர் போகப் போக, ‘கரேம்’ என்று அவர்கள் அழைக்கும் உலர்பருவம் மெல்லத் தலைகாட்டும். (நம் வீடுகளில் கரேம் என்றால் தீமிதிக்கும் காவடிக்கும் முன்னால் இருக்கும் விரதம், அங்கே அது வெயிற்காலத்தின் பெயர். மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.)

ஆனால் நாட்களை நெருக்கிப் போட வேண்டியிருக்கும். நவம்பர் இறுதியிலிருந்து கிறிஸ்துமஸ் முந்தின இரவு வரை, ‘ஷான்தே ந்வெல்’ என்ற வழக்கம் அங்கே ஊர்தோறும் நடக்கிறது: வீட்டு முற்றத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ சுற்றமும் அயலாரும் கூடி, பழைய பிரெஞ்சுப் பக்திப் பாடல்களைப் பறையின் வேகத்தில், கிரியோல் பல்லவிகளைச் செருகிப் பாடுவார்கள், பாட்டுப் புத்தகம் கையிலிருந்தால் போதும், அந்நியரும் சேர்ந்துகொள்ளலாம். இதைக் காண்பதென்றால் டிசம்பர் 24-க்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். 20-ஆம் தேதி நம் அடிமை ஒழிப்புத் திருநாளை விட்டுவிட்டுக் கிளம்பவும் மனம் வராது. நானாக இருந்தால் 20-ஆம் தேதி மாலையில் நம் தீவின் மலோயா இசையைக் கேட்டுவிட்டு, மறுநாள் விமானம் ஏறுவேன். ஒரே ஆணை 1848 ஏப்ரல் 27-இல் பிறப்பிக்கப்பட்டிருக்க, மார்த்தினிக் மே 22-ஐயும், குவாதலூப் மே 27-ஐயும், நாம் டிசம்பர் 20-ஐயும் கொண்டாடுவது ஏன் என்று உங்கள் மூத்த பிள்ளை விமானத்தில் கேட்டால், நல்ல உரையாடலாக அமையும். மார்த்தினிக்கில் அடிமைகள் ஆணை வந்து சேரும்வரை காத்திருக்காமல் கிளர்ந்தெழுந்து தங்கள் விடுதலையை அறிவிக்கச் செய்தார்கள். இங்கோ கப்பலில் வந்த ஆணையாளர் சார்தா-காரிகா, இரண்டு மாத அவகாசத்துக்குப் பின்பே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இரண்டு வாரத்துக்கு இரண்டு தீவுகள் போதும், மூன்றாவதைச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் இடையே விரைவுக் கப்பல் உண்டு என்றாலும், அந்தக் கடல் அடிக்கடி கொந்தளிப்பதால், மாமியாரை எண்ணி, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் விமானத்தையே தேர்ந்துகொள்ளுங்கள். கடலோர விடுதிக்குப் பதிலாக ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் மரத்துப் பழத்தை வேலிக்கு மேல் நீட்டுவது விடுதியில் நடக்காது. கடைக்குள்ளோ பேருந்திலோ நுழைந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படி ‘போன்ஜூர்’ சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சொல்லாமல் விலையைக் கேட்பவர் எவ்வளவு பணம் கொண்டுவந்தாலும் அங்கே மரியாதை பெறமாட்டார்.

எங்கள் பாட்டனார் காரைக்காலிலிருந்து இத்தீவுக்கு வந்தவர். கரீபியனுக்கும் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்று அங்கே நம்மவர் என்று சொல்லத்தக்க அடையாளம் ஏதாவது இருக்கிறதா? சென்றால் எங்கே பார்க்கலாம்?
— ஒரு வாசகர், சேன்-பியேர்

இருக்கிறது, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே 6-இல் மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறையில் முதல் இந்திய ஒப்பந்தக் கூலியாட்களை இறக்கியது; அதே கப்பல் மறு ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமசை ஒட்டி, குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைக்கு வந்தது. அடுத்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் சென்றனர். பெரும் பகுதியினர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். உங்கள் பாட்டனார் நின்ற அதே கரையில், அதே மாதத்தில், வேறு கப்பலின் வரிசையில் நின்றவரின் கொள்ளுப்பேரன் இன்று அங்கே பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். முத்துசாமி, ராமசாமி என்ற குடும்பப் பெயர்கள் அங்கே கடைப் பலகைகளிலும் தேர்தல் சுவரொட்டிகளிலும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கண்ணில் படும்.

குவாதலூப்பில் கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்குச் செல்லுங்கள். சாலையோரத்தில் வண்ணங்கள் நிறைந்த ஷாஞ்ஜி கோயில் நிற்கிறது. அதே ஊரில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து 1904-இல் அவர் தொடங்கிய வழக்கு 1923-இல்தான் முடிவுக்கு வந்தது. அவர்களுடைய பிரெஞ்சுக் குடியுரிமை அதன் பின்பே உறுதிப்பட்டது. மார்த்தினிக்கில் வடக்கே, வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த பாஸ்-புவாந்த் வட்டாரத்தில் பழைய தோட்டக் கோயில்கள் உள்ளன. பெரிய கோபுரங்களைத் தேடாதீர்கள்; நம் கரும்பாலைகளை ஒட்டியிருந்த பழைய கோயில்களைப் போல, ஓர் அறையும் ஒரு பலிமேடையும் மரநிழலும் கொண்டவை அவை.

உள்ளே இருப்பவர்களை நீங்கள் உடனே அறிந்துகொள்வீர்கள். ‘மாலியெமென்’ என்று அவர்கள் அழைப்பது மாரியம்மனை. குதிரைமேல் வாளோடு இருக்கும் ‘மல்தெவிலன்’, நாம் இங்கே ‘மார்தெவிரன்’ என்று சொல்லும் மதுரைவீரன்தான். சில கோயில்களில் கொடிமரம் நட்டு ‘நாகுர்மிலா’வுக்குப் படையல் இடுவார்கள், கடலைக் கடக்கும்போது காப்பாற்றியவர் என்று இந்துக்களும் வணங்கிய நாகூர் மீரானின் நினைவு அது. நம் கோயில்களிலும் அந்தக் கொடி பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம்தான் மறந்துவிட்டோம். மத்தளம் அங்கே ‘மாதாலோன்’, தப்பு ‘தாப்பு’, பாட்டை வழிநடத்தும் வாத்தியார் ‘வாத்தியாலு’. நாம் ‘பால் தமூல்’ என்று இரவெல்லாம் ஆடிய கூத்து அவர்களுக்கு ‘நாத்ரோன்’.

தமிழ் பேசுவோரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாட்டுகள் வாயில் இருக்கின்றன, பொருள் பெரும்பாலும் போய்விட்டது. ஐந்து தலைமுறைக்கு முந்தின ஒலிப்பை மனப்பாடமாகவே காத்து வைத்திருப்பவர் பாடும்போது, ஒரு சொல் சட்டென்று உங்களுக்குப் புரியும், அடுத்த பத்துச் சொற்கள் புரியாது. எனக்கு அப்படி நேர்ந்தபோது, அருகிலிருந்த முதியவர் என் முகத்தைப் பார்த்து, “என்ன சொல்கிறது பாட்டு?” என்று பிரெஞ்சில் கேட்டார். ஆசிரியரைப் போலத் திருத்தத் தொடங்கும் ஆசை அங்கே நம்மில் பலருக்கு வரும். அதை அடக்கிக்கொண்டு, புரிந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். அவர் அதை இருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அங்கே ஆட்டுப் பலியோடு நடக்கும் பூசை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன். வருகிறவரை விரட்டமாட்டார்கள், சோறும் போடுவார்கள், ஆனால் கேட்காமல் படம் எடுப்பது தவறு. ‘கூலி’ என்ற சொல் அங்கே நெடுங்காலம் வசையாக இருந்தது. அதை அவர்களே தம்மைப் பற்றிச் சொல்லக் கேட்டாலும் நீங்கள் சொல்லாதீர்கள்.

நான் சைவம். இரண்டு வாரம் பட்டினி கிடக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ல போர்

கிடக்க வேண்டாம், ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். அங்குள்ள ‘கொலொம்போ’ என்பது மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்ந்த பொடியால் ஆன குழம்பு. நம் மசாலேக்கு நெருங்கிய உறவு. இலங்கைத் தலைநகரால் வந்த பெயர் என்பார்கள். ‘குழம்பு’ என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்போர் பக்கமே நான். ஆட்டிறைச்சியிலும் கோழியிலும் செய்வதே வழக்கம் என்றாலும், காய்கறிக் கொலொம்போவும் கேட்டால் கிடைக்கும். ‘கிறிஸ்தோஃபின்’ என்று பட்டியலில் கண்டால் தயங்காதீர்கள், அது நம் சாலாசி ஊரில் விளையும் ஷூஷூ, அதாவது சௌசௌதான். ‘பரோக்கா’ நம் பாவக்காய்; பெயரைக் கேட்டாலே தெரிகிறதே. பயறும் பருப்பும் பாதுகாப்பானவை என்று நினைத்துவிடாதீர்கள்: உப்பிட்ட பன்றிவாலைப் போட்டு வேகவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ‘அக்ரா’ வடையில் கருவாட்டு மீன் இருக்கும். காய்கறி அக்ரா தனியாக உண்டு.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பாட்டும் ஆட்டமும் என்றால் உயிர். சுற்றுலாப் பயணிகளுக்காக மேடையில் ஆடிக்காட்டும் நிகழ்ச்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையானதை எங்கே பார்ப்பது? அங்குள்ள மதராஸ் உடையை வாங்கி அவளுக்கு அணிவிக்கலாமா?
— ஒரு வாசகர், சேன்-தெனி

குவாதலூப்பில் ‘லேவோஸ்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் ஏதேனும் ஓர் ஊரில் வட்டமாகக் கூடி, ‘க்வோகா’ பறைகளை முழக்கி ஆடும் கூட்டம் அது. நம் மலோயா 2009-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது, க்வோகா 2014-இல். ‘பூலா’ பறைகள் அடித்தளத் தாளத்தைப் பிடித்திருக்க, ‘மாக்கே’ என்ற ஒற்றைப் பறைக்கு நேரே ஒருவர் வட்டத்துக்குள் வந்து ஆடுவார். ஆடுபவரின் பாதத்தைப் பார்த்துப் பறைக்காரர் அடிக்கிறார் என்பதை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அவளுக்கு உறக்கம் வராது. மார்த்தினிக்கின் ‘பெலே’யில் பறையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் குதிரையேறியதுபோல் உட்கார்ந்து அடிப்பார்கள், நம் மலோயாவின் ரூலேர் பறையைப் போலவே. பின்னாலிருந்து இன்னொருவர் அதன் மரவுடலில் இரு குச்சிகளால் தட்டுவார். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அங்கே இருந்தால், கார்னிவல் ஊர்வலங்களின் தொடக்கத்தையும் காணலாம். சாம்பல் புதனன்று ‘வாவால்’ என்னும் பெரிய உருவத்தை எரித்து அழுவதைக் காண, பள்ளி விடுமுறை இடம் தராது.

மதராஸ் துணியைத் தாராளமாக வாங்குங்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகக் கப்பல்களில் போன கட்டம்போட்ட பருத்தித் துணி அது. அப்பாக்களின் கைலியை நினைவூட்டும். அடிமைக் காலத்திலிருந்து அங்குள்ள பெண்கள் அதைத் தலைக்கட்டாக ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கட்டில் ஒரு முனை நீட்டி நின்றால் இதயம் இன்னும் யாருக்கும் உரியதல்ல, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் திருமணமானவள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான்கின் பொருளைக் கட்டிவிடும் அம்மாவிடமே கேளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார், மகள் பக்கத்தில் இல்லாதபோது. வாங்கும் துணியை அங்குள்ள ஒருவர் கையால் கட்டிவிடச் சொல்லுங்கள், ஆயத்தமாகத் தைத்து விற்கும் தொப்பி வேண்டாம்.

இவ்வளவு தூரம் போகிறோமே, டிரினிடாடையும் பார்த்துவிட்டு வரலாமா?
— ஒரு வாசகர், சேன்-பால்

அதை இன்னொரு ஆண்டுக்கு வையுங்கள். டிரினிடாட் தனி நாடு. கடவுச்சீட்டும் வேறு நாணயமும் ஆங்கிலமும் வேண்டும். 1845 மே 30-இல் ‘ஃபதேல் ரசாக்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்தவர்களின் வழியில் தொடங்கிய இந்தியச் சமூகம் அது. சென்னையிலிருந்து போனவர்கள் சிறுபான்மையினர். கார்னிவலையும், எண்ணெய்ப் பீப்பாய்களை அடித்து உருவாக்கிய ஸ்டீல்பேன் இசையையும் காண விரும்புவோர் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாயில் அங்கே இருக்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கே அது பொருந்தும்.