வணிகக் கல்லூரிகள் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் விளம்பர வாடையை எப்படிப் போக்குவது?

ஒரு வணிகக் கல்லூரியைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை, அட்மிஷன் கையேட்டை அப்படியே எடுத்துப் போட்டதுபோல் இருக்கிறது, எங்கே கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி திருத்தம் செய்கிறவன் என்ற முறையில் என் பதில் இது.

'உலகத்தரம் வாய்ந்த', 'புகழ்பெற்ற', 'நாளைய தலைவர்களை உருவாக்கும்' போன்றவை சில்லறை வேலை. பார்த்ததும் அழித்துவிடலாம், பெரிதாக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். உண்மையான தகவல் என்ற வேடத்தில் வரும் விளம்பரம்தான் படுத்தும். வரிக்கு வரி சான்று இருக்கும், எதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் மொத்தமாகப் படித்தால் விளம்பரத் துண்டறிக்கைதான்.

'முதல்' என்ற பெருமையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் 1819இல் தொடங்கிய இஎஸ்சிபி, தன்னை உலகின் முதல் வணிகக் கல்லூரி என்று சொல்லிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1881இல் வந்த வார்ட்டனுக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகத் தொடங்கிய முதல் வணிகக் கல்லூரி என்ற பெயர். 1900இல் அங்கேயே டார்ட்மவுத் கல்லூரியில் தொடங்கிய டக், பட்டமேற்படிப்புக்கென்றே அமைந்த முதல் மேலாண்மைக் கல்லூரி என்கிறது. எம்பிஏ படிப்பை முதலில் தொடங்கியது 1908இல் ஹார்வர்ட். ஆளுக்கொரு நிபந்தனை கூடவே ஒட்டியிருப்பதால் எல்லோரும் 'முதல்' ஆகிவிட முடிகிறது. கட்டுரைக்கு வரும்போது அந்த நிபந்தனை மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடும்! அதைத் திரும்பச் சேருங்கள், யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள். கல்லூரியைத் தவிர வேறு யாருமே சொல்லாத பெருமை என்றால் அதை எடுத்துவிட்டுத் தொடங்கிய ஆண்டை மட்டும் வையுங்கள். மற்றதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது தரவரிசை. 'பைனான்சியல் டைம்ஸ் பட்டியலில் இடம்பெற்றது' என்று மொட்டையாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அந்தப் பத்திரிகை எம்பிஏ, எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, மேலாண்மை முதுகலை என்று தனித்தனியாகப் பட்டியல் போடுகிறது. எதில், எந்த ஆண்டு, எத்தனையாவது இடம்? நல்ல இடம் கிடைத்த ஆண்டு கட்டுரையில் உட்கார்ந்துவிடும், அதற்கப்புறம் சறுக்கிய ஆண்டுகள் வரவே வராது. தரவரிசையைக் கட்டுரையின் முன்னுரையில் வைப்பதே எனக்குப் பிடிக்காது. தரவில் கணிசமான பங்கைக் கொடுப்பது கல்லூரிகள்தானே. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஃபாக்ஸ் வணிகக் கல்லூரியின் ஆன்லைன் எம்பிஏ, யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் பட்டியலில் தொடர்ந்து சில ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. கொடுத்த தரவு தவறு என்று 2018இல் வெளியே வந்தது. அங்கே டீனாக இருந்தவர் குற்றவாளி என்று 2021இல் தீர்ப்பாகி, மறு ஆண்டு 14 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

அங்கீகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வணிகக் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஏஏசிஎஸ்பி அமைப்பில் உறுப்பினராக இருப்பது வேறு, அதன் அங்கீகாரம் பெறுவது வேறு. அங்கீகாரத்துக்குப் பல ஆண்டுகள் நீளும் மதிப்பீடு உண்டு. உறுப்பினர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சின்னத்தைப் பெரிதாகக் காட்டுவார்கள். அந்த அமைப்பின் தளத்திலேயே பட்டியல் இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிளேஸ்மென்ட்டில் 'அதிகபட்சச் சம்பளம்' என்பது ஒரே ஒரு மாணவரின் கதை. இடைநிலைச் சம்பளமும் (எல்லோருடையதையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதும் சுதந்திரமான சான்றோடு கிடைத்தால் போடலாம். இல்லாவிட்டால் அந்தப் பத்தியே வேண்டாம்.

சான்றுகளையும் திறந்து பாருங்கள். பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கும், ஆனால் நிருபர் பெயர் இருக்காது, கல்லூரி இயக்குநரைத் தவிர யாரும் பேசியிருக்க மாட்டார்கள். செய்திக்குறிப்பை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முகவரி, படிப்புகள் போன்றவற்றுக்குக் கல்லூரியின் சொந்தத் தளமே போதும், பாராட்டுக்கு அது செல்லாது.

அப்புறம், யார் எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் கட்டுரையின் வரலாறு பக்கத்தைப் புரட்டுங்கள். இந்த ஒரே கட்டுரையை மட்டும் திருத்தும் கணக்கு ஒன்று பெரும்பாலும் சிக்கும். உடனே பாயவேண்டாம், பழைய மாணவராகவும் இருக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது 2014 முதல் விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதி. நேரடியாகக் கட்டுரையில் கை வைக்காமல் உரையாடல் பக்கத்தில் திருத்தம் கேட்கலாம் என்று பணிவாகச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் அல்ல. இந்தியாவின் தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்றைப் பற்றிய கட்டுரையை அதற்குச் சாதகமாக வளைத்த ஆங்கில விக்கிப்பீடியா நிர்வாகி ஒருவரே 2015இல் தடை செய்யப்பட்டார்.

இன்னொன்று: கோபத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். நூறாண்டு வரலாறு உள்ள கல்லூரிக் கட்டுரையில் பாதியைச் 'சர்ச்சைகள்' பிடித்துக்கொண்டால் அதுவும் நடுநிலை இல்லை. ஃபாக்ஸ் விவகாரம் அந்தக் கல்லூரியின் கட்டுரையில் கட்டாயம் இருக்கவேண்டும், ஆண்டும் தீர்ப்புமாக ஒரு பத்தியில்.