நுரையீரல், தீவிர சிகிச்சை மேற்பயிற்சி: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் நெஞ்சக நோய்ப் பிரிவும் ஐசியூவும் பார்க்கிற மருத்துவர் நான். மேற்பயிற்சி பற்றி இளம் டாக்டர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நோயாளிகளின் வீட்டார் கேட்ட இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சார், நான் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். நுரையீரல், ஐசியூ இரண்டையும் சேர்த்துப் படிக்க என்ன வழி?

பதில்: முதலில் பொது மருத்துவத்திலோ நுரையீரல் மருத்துவத்திலோ எம்.டி. என்ற மேற்படிப்பு, மூன்று வருஷம். அப்புறம் நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, நுரையீரலில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு, இன்னொரு மூன்று வருஷம். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ போன்ற இடங்களில் தீவிர சிகிச்சையும் அதே டி.எம்.மில் அடக்கம், அவற்றுக்கு ஐஎன்ஐ எஸ்எஸ் என்ற தனித் தேர்வு. ஐசியூ மட்டும் போதும் என்றால் கிரிட்டிகல் கேரில், அதாவது தீவிர சிகிச்சையில், டி.எம். அல்லது அதற்கு இணையான டிஆர்என்பி. நம் ஊர்ப் பக்கம் வேலை பார்க்க நினைப்பவர்கள் இரண்டும் கற்றுக்கொள்வது நல்லது என்பேன். காலையில் இளைப்போடு ஓ.பி.க்கு வந்தவர் ராத்திரி வென்டிலேட்டரில் இருப்பார். பார்க்கிற டாக்டர் ஒருவராகவே இருந்தால் அவருக்குத்தான் நல்லது.

கேள்வி: தென்காசியில் மயக்க மருந்து நிபுணராக இருக்கிறேன். எனக்கு வழி உண்டா?

பதில்: கிரிட்டிகல் கேருக்கு உண்டு, நுரையீரல் டி.எம்.முக்குக் கிடையாது. மூச்சுக்குழாயில் குழாய் போடும் கை உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். காய்ச்சலின் காரணத்தைத் துருவித் தேடுவதில்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்கா போனால் எத்தனை வருஷம்?

பதில்: யுஎஸ்எம்எல்இ என்ற அந்நாட்டு மருத்துவ உரிமத் தேர்வுகளை முடித்து, பொது மருத்துவ ரெசிடென்சி (மருத்துவமனையில் மேற்பயிற்சி) மூன்று வருஷம். அதன் பிறகு நுரையீரலும் தீவிர சிகிச்சையும் சேர்ந்த பெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி மூன்று வருஷம். இங்கே எம்.டி. முடித்திருந்தாலும் பெரும்பாலும் அங்கே ரெசிடென்சியை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் தம்பி. வயதையும் வீட்டு நிலைமையையும் யோசித்து முடிவு எடுங்கள்.

கேள்வி: எம்.டி.யிலேயே வென்டிலேட்டர் பார்த்துவிட்டோம். மூன்று வருஷம் புதிதாக என்ன கற்பிப்பார்கள்?

பதில்: மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி, நுரையீரல் அல்ட்ராசவுண்ட், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது எல்லாம் உண்டு. ஆனால் கை வேலை சீக்கிரம் படிந்துவிடும். நாள் பிடிப்பது, பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கம்.

நுரையீரல் திடீரென வீங்கி நீர் கோத்து மூச்சு கெடும் ஏஆர்டிஎஸ் நோயாளி ஒருவர், 165 செ.மீ. உயரம், 90 கிலோ எடை. மெஷினில் எவ்வளவு காற்று கொடுப்பீர்கள்? எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். உயரத்தை வைத்து, இருக்க வேண்டிய எடையைக் கணக்கிட்டால் ஆணுக்குச் சுமார் 61 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு 370 மில்லிதான். 2000-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி கொடுக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுக்கப்பட்டவர்களில் 31 பேர். படிக்கும்போது எல்லோருக்கும் தெரிந்த எண்தான். ராத்திரி 2 மணிக்கு டேப் எடுத்து உயரம் அளக்கிறீர்களா என்பதுதான் பயிற்சி.

அப்புறம் நம் மண்ணின் கேஸ்கள். பூச்சி மருந்து குடித்து வந்தவர் அட்ரோபின் என்ற முறிவு மருந்தில் தேறி, எழுந்து உட்கார்ந்து பேசுவார். வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் அவருக்கே மூச்சு நின்றுபோகலாம். அதற்கு முன் கழுத்துத் தசை தளரும். ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் வார்டுக்கு அனுப்பாதீர்கள். அரளி விஷத்தில் கண் மானிட்டரில் இருக்க வேண்டும், அது இதயத் துடிப்பைத் தடுக்கும். மழைக்குப் பிறகு காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக வருகிறவரின் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே எல்லாம் பாருங்கள். பீடி சுட்டது போல ஒரு கருத்த புண் கிடைத்தால் அது உண்ணிக் காய்ச்சல். அது முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய நகரத்தில் படித்தாலும் இந்தக் கேஸ்களை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கவுன்சிலிங்கில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க?

பதில்: பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். அங்கே படிக்கிறவர்களுக்குப் போன் போட்டு, ராத்திரி சீனியர் கட்டில் அருகே வருகிறாரா, பிராங்கோஸ்கோப்பியை உங்கள் கையில் தருகிறார்களா என்று கேளுங்கள். அரசுப் பணியில் இருந்தால் தமிழ்நாட்டில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு தரும் 2020 அரசாணை உண்டு. ஒரு வருஷ டிப்ளமோ, சங்கங்கள் தரும் சான்றிதழ் எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் டி.எம்.முக்கு ஈடாகாது.

கேள்வி: முக்கூடலில் அம்மா பீடி சுற்றுகிறாள். ஒரு மாதமாக இருமல். எந்த டாக்டர்?

பதில்: பெரிய நிபுணரைத் தேட வேண்டாம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் சளிப் பரிசோதனை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காசநோய் இல்லை என்றால் நெஞ்சக மருத்துவரிடம் ஊதிப் பார்க்கும் டெஸ்ட். புகையிலைத் தூளை மூடிய அறையில் சலிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா மூன்று வாரமாக மெஷினில். "இனி பயனில்லை" என்கிறார்கள். எடுக்கச் சொன்னால் நாங்கள் கொன்றது ஆகாதா?

பதில்: ஆகாது. நோய்தான் அவரைக் கொண்டுபோகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது, 2023-இல் அதை எளிதாக்கியது: சிகிச்சை தரும் மருத்துவரும் அனுபவமுள்ள இன்னும் இருவரும் கொண்ட குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இரண்டாவது குழு, அதோடு குடும்பத்தின் சம்மதம். வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள மருந்து தொடரும். டாக்டரிடம் வராந்தாவில் நின்று பேசாதீர்கள், உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். அந்த நேரத்தைக் கொடுப்பதும் எங்கள் பயிற்சியில் சேர்ந்ததுதான்.