ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா?

தம்பி, ஐயரும் ஓமமும் இல்லாமல் நடந்தால் கல்யாணம் செல்லாது என்று அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். செல்லும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது, சொந்தக்காரர்களோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றுவது, மோதிரம் போடுவது, தாலி கட்டுவது, இதில் ஏதாவது ஒன்று போதும். (சட்டத்தின் கணக்கில் நாத்திகரும் இந்துதான், வேடிக்கை!) பெண் கிறிஸ்தவர், முஸ்லிம் போல வேறு மதம் என்றால் மட்டும் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ். 7ஏ-படி கல்யாணம் செய்தால், கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடாதீர்கள். என் அம்மா விதவை, அக்கா கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்ல இவர் தூணுக்குப் பின்னால் நின்றார். ஐயர் இல்லாமல் நடந்த என் கல்யாணத்தில் அம்மாதான் தாலியை எடுத்துக் கொடுத்தார், கை நடுங்கியது.